தட்டப்படாத கதவுகள்: சிகாகோ, ஜூலை 1995

1995 ஜூலை 13, வியாழக்கிழமை. சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் வெயில் 106 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. செல்சியஸ் கணக்கில் 41. அந்த அளவு வெயிலைப் பார்த்த ஊர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் அன்றைக்குக் காற்றில் ஈரமும் மிக அதிகம். வியர்வை உலரவே இல்லை. உடம்பு உணர்ந்த சூடு 50 டிகிரியைத் தொட்டது. இருட்டினாலாவது தணியும் என்று காத்திருந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இரவிலும் 27 டிகிரியை ஒட்டியே நின்றது. பகல் முழுக்கச் சூடேறிய செங்கல் கட்டடங்களின் மேல்மாடி அறைகள் விடிய விடிய அனலாகக் கிடந்தன.

சில நாட்களில் வெயில் இறங்கிவிட்டது. ஜூலை 14 முதல் 20 வரையிலான ஒரு வாரத்தில், வழக்கமாக அந்தக் காலத்தில் இறப்பவர்களைவிட 739 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. புயல் இல்லை, நிலநடுக்கம் இல்லை, இடிந்து விழுந்த கட்டடம் ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் அறையிலேயே, பூட்டிய கதவுக்கும் அடைத்த ஜன்னலுக்கும் பின்னால், பக்கத்தில் யாரும் இல்லாமல் இறந்தார்கள்.

தனிமையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மனசோடு நின்றுவிடுகிறோம். ஒருவருக்கு மனம் கனக்கிறது, பேச ஆள் இல்லை, தூக்கம் வரவில்லை என்பதாகவே பேச்சு போகிறது. அது உண்மைதான், ஆனால் பாதிதான். சிகாகோவில் நடந்ததை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே தனிமையைத் தெரு தெருவாக எண்ணிப் பார்க்க முடிந்தது. எந்தத் தெருவில் எத்தனை பேர், எந்தத் தெருவில் ஏன் யாரும் இல்லை என்று கேட்க முடிந்தது. கேட்டபோது கிடைத்த பதில், தனிமையில் இறந்தவர்களின் குணத்தைப் பற்றியதாக இல்லை. அவர்கள் வாழ்ந்த இடத்தைப் பற்றியதாக இருந்தது.

பிணவறை வாசலில்

சிகாகோ நகரம் அடங்கிய மாவட்டமான குக் கவுண்டியின் பிணவறைக்குச் சாதாரண நாளில் சுமார் 17 உடல்கள் வரும். மொத்தம் 222 உடல்களை வைக்க இடம் இருந்தது. ஜூலை 14 வெள்ளிக்கிழமை போலீஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. சனிக்கிழமைக்குள் உள்ளே இடம் இல்லை. உடலை ஒப்படைக்க வந்த போலீஸ்காரர்கள் வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இறைச்சி வியாபாரம் செய்யும் ஒருவர் தன்னுடைய குளிர்சாதன லாரிகளைத் தருவதாகச் சொன்னார். அவை வந்தன. போதவில்லை. இன்னும் வரவழைத்தார்கள். கடைசியில் ஒன்பது லாரிகள் பிணவறையின் வாகன நிறுத்தத்தில் நின்றன. தொலைக்காட்சியில் அந்த லாரிகளைப் பார்த்த பிறகுதான், ஊரில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்பது பல பேருக்கு உறைத்தது.

அதே நாட்களில் 49,000 வீடுகளில் மின்சாரம் போயிருந்தது. தெருவோரத் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் நனைந்தார்கள். அதனால் சில பகுதிகளில் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. 23 மருத்துவமனைகள் ஒரு கட்டத்தில் அவசர சிகிச்சைக்குப் புது நோயாளிகளை எடுக்க முடியாது என்று கைவிரித்தன. ஆம்புலன்ஸ்கள் ஒவ்வோர் இடமாக அலைந்தன. கடும் வெயிலுக்கான அவசரத் திட்டம் ஒன்று நகராட்சியிடம் ஏற்கனவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. உரிய நேரத்தில் அதை யாரும் கையில் எடுக்கவில்லை.

இவை எல்லாம் நிர்வாகக் கோளாறுகள். இவற்றைச் சரிசெய்திருந்தால் நிறைய பேர் பிழைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மீதி நிற்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யவே ஆள் இல்லாதவர்களுக்கு எத்தனை ஆம்புலன்ஸ் இருந்து என்ன?

எண்ணிக்கைச் சண்டை

குக் கவுண்டியின் தலைமை மருத்துவப் பரிசோதகர் எட்மண்ட் டோனஹ்யூ, வெயிலால் நேர்ந்த சாவு என்று எழுத மூன்று அடையாளங்களை வைத்துக்கொண்டார். இறக்கும்போதோ இறந்த உடனேயோ உடல் சூடு 105 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது, உடல் கிடந்த அறை கடும் சூட்டில் இருந்ததற்கு உறுதியான சான்று வேண்டும். அல்லது, உடல் அழுகிய நிலையில் கிடைத்து, அந்த ஆள் கடைசியாக உயிரோடு காணப்பட்டது வெயில் நாட்களில் என்று தெரிய வேண்டும். மூன்றாவது அடையாளத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவர் இறந்த விஷயம் உடல் அழுகும் வரை வெளியே தெரியாமல் போவது அந்த வாரத்தில் அவ்வளவு சகஜமாகிவிட்டது. அதை ஒரு விதியாகவே எழுதி வைக்க வேண்டியிருந்தது.

மேயர் ரிச்சர்ட் எம். டேலி அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. கோடைக்காலத்தில் இயல்பாக இறப்பவர்களை எல்லாம் வெயில் கணக்கில் சேர்க்கிறார்கள் என்றார். பத்திரிகைகளிலும் சில நாட்கள் இதே விவாதம் ஓடியது. டோனஹ்யூவின் கணக்கு நிதானமானது என்பது பின்னால் நிரூபணம் ஆயிற்று. ஜூலை 11 முதல் 27 வரை வெயிலால் இறந்ததாக அவர் அலுவலகம் பதிவு செய்தது 465 பேரை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அவர் முறையை ஏற்றுக்கொண்டது. மொத்தச் சாவுகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது கிடைத்த 739 என்ற எண் அதைவிட மிகப் பெரியது.

இந்தச் சண்டையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தனிமையில் இறந்தவருக்காக வாதாட வீட்டார் இல்லை. அவர் சாவு கணக்கில் ஏற வேண்டுமானால், தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஓர் அதிகாரி வேண்டும். சிகாகோவுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.

யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள்

வெயில் தணிந்த கையோடு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். இறந்த 339 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஈடாக அதே அக்கம்பக்கத்தில், ஏறக்குறைய அதே வயதில் பிழைத்த ஒருவரைத் தேடி ஒப்பிட்டார்கள். முடிவு 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. ஏற்கனவே நோய் இருந்து படுக்கையில் கிடந்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். தனியாக வாழ்ந்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். தினமும் வீட்டை விட்டு வெளியே போகாதவர்களும் மேல்மாடியில் இருந்தவர்களும் அதிகம் இறந்திருந்தார்கள். வேலை செய்யும் ஏசி இருந்தவர்கள் பிழைத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். வெளியே போக வண்டி வசதி இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு பாதுகாப்பு கிடைத்தது. ஏதாவது குழுவில் கலந்துகொள்பவர்கள், அக்கம்பக்கத்தில் நண்பர்கள் உள்ளவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து குறைந்திருந்தது.

நண்பர் இருந்தால் வெயில் எப்படிக் குறையும்? இதற்குப் பதில் உடம்பிலேயே இருக்கிறது. வயதாக ஆகத் தாகம் மந்தமாகிறது. வியர்ப்பது குறைகிறது. ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் உடம்பு சூட்டை வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி ஹீட் ஸ்ட்ரோக் தொடங்கும்போது முதலில் அடிபடுவது மூளை. பேச்சு குழறும், புத்தி தடுமாறும், எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அதாவது, தனக்கு ஆபத்து வந்துவிட்டது என்பதை உணர வேண்டிய அந்த நேரத்தில், உணரும் சக்தியே போய்விடுகிறது. உதவி கேட்க வேண்டியவருக்குக் கேட்கத் தெரியாமல் போகிறது.

அந்த நேரத்தில் வேறொருவர் தேவை. பெரிய மருத்துவர் வேண்டாம். வாசலில் நின்று, "என்ன, ஒரு மாதிரியாகப் பேசுகிறீர்களே" என்று சொல்லக்கூடிய ஆள் போதும். ஈரத் துணியைக் கழுத்தில் போட்டு, தண்ணீர் கொடுத்து, போனை எடுக்கிற ஆள். தனியாக இருந்தவர்களுக்கு இல்லாமல் போனது இந்த ஒரு ஆள்தான். தனிமை உடலைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் சொல்லும்போது, ஏதோ மெதுவாக உள்ளே அரிக்கிற ஒன்றாகவே நமக்குத் தோன்றும். மெதுவாகவும் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கே அது சில மணி நேரத்தில் வேலையை முடித்தது.

"கதவைத் திறக்கவில்லை"

சாவுகள் குறித்துக் கேட்டபோது, நகரத்தின் மனித சேவைகள் துறை ஆணையர், இறந்தவர்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் பேசினார். நாங்கள் போனோம், சிலர் கதவைக்கூடத் திறக்கவில்லை என்பதும் அவர் சொன்ன விளக்கம்.

இந்த வார்த்தை என்னை ரொம்பவே வருத்துகிறது. அவர் பொய் சொன்னார் என்பதால் இல்லை. சிலர் திறக்காமல் இருந்திருப்பார்கள், நிச்சயமாக. ஏன் திறக்கவில்லை என்று கேட்காமல் அத்தோடு நிறுத்திவிட்டார்களே, அதுதான் வருத்தம்.

சிகாகோவில் பிறந்து வளர்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் அதைக் கேட்டார். பல வருடம் அந்தத் தெருக்களில் நடந்து, முதியவர்களோடு உட்கார்ந்து பேசி, அலுவலகக் கோப்புகளைப் புரட்டினார். உடல்களைப் பரிசோதித்தது போதாது, ஊரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அவர் அணுகுமுறை. அவர் கண்டதில் முக்கியமானது பயம். திருட்டும் போதைப்பொருள் வியாபாரமும் நடக்கும் கட்டடங்களில் முதியவர்கள் ஜன்னலைத் திறக்கவே அஞ்சினார்கள். சிலர் ஜன்னலை ஆணி அடித்து மூடி வைத்திருந்தார்கள். முதியோருக்கென்று இருந்த பொதுக் குடியிருப்புகளில், போதைப் பழக்கம் உள்ள இளவயதுக்காரர்களையும் குடியமர்த்த அனுமதித்த பிறகு, அங்கே குற்றங்கள் பெருகின. அதுவரை கீழே கூடத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த பெரியவர்கள் அறைக்குள் முடங்கினார்கள். கட்டடம் அதேதான். குடியிருந்தவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஒரு நிர்வாக முடிவு அவர்கள் கதவுகளைப் பூட்டிவிட்டது.

தெரியாத ஒருவர் அந்தக் கதவைத் தட்டி, நகராட்சியிலிருந்து வருகிறேன் என்றால் யார் திறப்பார்கள்? பல வருடமாகக் கதவைத் திறக்காமல் இருந்ததால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று நம்பியவர்கள் அவர்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஜான் கசியோப்போவின் ஆய்வுகள். தனிமை உணர்வை நரம்பியல் கோணத்தில் ஆராய்ந்தவர்களில் முன்னோடி. பிற்காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார். பசியும் தாகமும் போலத் தனிமையும் உடம்பு கொடுக்கும் ஓர் எச்சரிக்கைதான், மனிதர்களைத் தேடிப் போ என்று சொல்வது அது என்பது அவர் கருத்து. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. அந்த எச்சரிக்கை தீராமல் நீண்டால், மூளை மற்றவர்களிடம் ஆபத்தைத் தேடத் தொடங்குகிறது. சாதாரண முகத்திலும் பகை தெரிகிறது. உதவிக்கு நீட்டிய கையிலும் உள்நோக்கம் தெரிகிறது. ஆள் மேலும் ஒதுங்குகிறார். தனிமை மேலும் இறுகுகிறது. "அவர் யாரோடும் ஒட்டமாட்டார், ஒரு மாதிரியான ஆள்" என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர் பிறவியிலேயே அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. நீண்ட தனிமை அவரை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கலாம். கதவு திறக்காததைக் குணக்கேடாகப் பார்ப்பதும் நோயின் அறிகுறியாகப் பார்ப்பதும் வேறு வேறு நடவடிக்கைகளுக்கு இட்டுச்செல்லும். முதலில் சொன்னதற்கு நடவடிக்கையே கிடையாது.

இரண்டு லான்டேல்கள்

இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்று ஒட்டினாற்போல் இரண்டு பகுதிகள். தெற்கு லான்டேலை லிட்டில் வில்லேஜ் என்றும் சொல்வார்கள். இரண்டிலும் வெயில் ஒன்றுதான். ஏழை முதியவர்களின் விகிதமும், தனியாக வாழும் முதியவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட சமம். காகிதத்தில் பார்த்தால் ஆபத்தும் சமமாக இருந்திருக்க வேண்டும்.

வடக்கு லான்டேலில் 19 பேர் இறந்தார்கள். லட்சத்துக்கு 40 என்ற விகிதம். தெற்கில் மூன்று பேர். லட்சத்துக்கு நான்குக்கும் குறைவு. நடுவில் இருப்பது ஒரு சாலை. பத்து மடங்கு வித்தியாசம்.

வடக்கு லான்டேலில் 1995க்கு முந்தைய முப்பது வருடத்தில் நடந்ததைப் பார்த்தால்தான் இது புரியும். சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. 1960இல் சுமார் ஒண்ணேகால் லட்சம் பேர் வாழ்ந்த பகுதி அது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டபோது மூண்ட கலவரத்தில் கடைத்தெருக்கள் எரிந்தன. பல கடைகள் திரும்ப வரவே இல்லை. சியர்ஸ் தன் தலைமையகத்தை 1970களில் நகர மையத்துக்கு மாற்றிக்கொண்டது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனது, வேலையோடு ஆட்களும் போனார்கள். 1990 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் சுமார் 47,000. போன குடும்பங்களின் வீடுகள் இடிந்தன, மனைகளில் புல் முளைத்தது. தெரு விளக்கும் ஆள் நடமாட்டமும் இல்லாத இடத்துக்குப் போதைப்பொருள் வியாபாரம் வந்து உட்கார்ந்தது.

போகாமல் தங்கியவர்களில் முதியவர்கள் பலர். பிள்ளைகள் வேறு பகுதிக்குப் போய்விட்டார்கள். கூடவே போனவர்கள் பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், முடிதிருத்துபவர், தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர். அந்த முதியவர் தன் உறவுகளை விட்டு எங்கும் போகவில்லை. அதே வீட்டில்தான் இருந்தார். அவரைச் சுற்றியிருந்த ஊர்தான் போய்விட்டது. இப்போது அவர் வெளியே போக வேண்டுமென்றால் போவதற்கு இடம் இல்லை, போகும் வழியும் பயம். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் அவருக்குப் புத்திசாலித்தனமான முடிவு. மற்ற நாட்களில் அவரைக் காப்பாற்றிய அந்தப் பழக்கமே ஜூலை மாதத்தில் உயிரை எடுத்தது.

சாலையைத் தாண்டினால் 26ஆம் தெரு. காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும் கடைகள், தள்ளுவண்டிகள், அடுமனைகள், நடைபாதை முழுக்க ஆட்கள். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் வந்து வந்து நெருக்கமாகக் குடியேறிய பகுதி. ஜனத்தொகை குறையவில்லை, ஏறியது. அங்கே தனியாக வாழ்ந்த முதியவரும் பால் வாங்கவோ மாத்திரை வாங்கவோ தெருவில் இறங்குவார். நாலு அடி வைத்தால் ஏசி போட்ட கடை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டு நாள் வரவில்லை என்றால் கடைக்காரருக்குத் தெரியும். தேவாலயங்களும் கூட்டமாக, சுறுசுறுப்பாக இருந்தன.

இதைப் பார்த்துவிட்டு, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்கள் பாசமானவை, கறுப்பினக் குடும்பங்கள் அப்படியில்லை என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. நகர மக்களில் கால்வாசியாக இருந்த லத்தீனோக்கள், வெயிலில் இறந்தவர்களில் 2 சதவீதம்தான் என்ற எண் அவர்களுக்குத் துணையாகவும் இருந்தது. ஆனால் இந்த விளக்கம் நிற்காது. லிட்டில் வில்லேஜிலேயே பழைய காலத்திலிருந்து தங்கிப்போன வெள்ளையின முதியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை, அண்டை வீட்டாரின் மொழியும் தெரியாது. அவர்களும் பிழைத்தார்கள். தெரு அவர்களையும் சேர்த்தே காப்பாற்றியது.

தெற்கே இன்னொரு ஜோடியும் இருக்கிறது. எங்கிள்வுட், ஆபர்ன் கிரெஷம் என்று அடுத்தடுத்த இரண்டு பகுதிகள். இரண்டிலும் பெரும்பான்மை கறுப்பின மக்கள். இரண்டிலும் வறுமையும் குற்றமும் உண்டு. எங்கிள்வுட்டில் லட்சத்துக்கு 33 பேர் இறந்தார்கள். ஆபர்ன் கிரெஷமில் லட்சத்துக்கு மூன்று பேர்தான். வசதி படைத்த வடபுறப் பகுதிகள் சிலவற்றைவிட அது குறைவு. எங்கிள்வுட் வடக்கு லான்டேலைப் போலவே ஆட்களையும் கடைகளையும் இழந்திருந்தது. ஆபர்ன் கிரெஷம் இழக்கவில்லை. அங்கே நடைபாதை இருந்தது, கடை இருந்தது, தெருவாசிகள் சங்கம் இருந்தது, வெயிலடித்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். இனம் ஒன்று, வறுமை ஒன்று, வெயில் ஒன்று. மாறியது தெரு மட்டும்தான்.

நடைபாதையும் மளிகைக் கடையும் நூலகமும் பொது சுகாதாரத்தின் பகுதி என்று யாராவது சொன்னால், அது அலங்காரப் பேச்சு போலத் தோன்றலாம். எனக்கு இந்த இரண்டு ஜோடிகளைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

ஆண்கள்

சிகாகோவில் தனியாக வாழ்ந்த முதியவர்களில் பெண்கள்தான் மிக அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆயுள் கூட, ஆகவே கடைசியில் தனியாக நிற்பவர்களும் அவர்களே. அந்தக் கணக்குப்படி பெண்கள்தான் அதிகம் இறந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். வயதைச் சரிக்கட்டிப் பார்த்தால், ஆண்கள் இறந்த விகிதம் பெண்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

தனியாக வாழ்வதும் தனிமைப்பட்டுக் கிடப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. அந்தப் பெண்கள் தனி வீட்டில் இருந்தாலும் மகளுக்குப் போன் செய்தார்கள், தோழிக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்பினார்கள், பேரனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். ஆண்களில் பலருக்கு உறவு என்பது வேலையிடமும் மனைவியும்தான். வேலையிலிருந்து ஓய்வு, அப்புறம் மனைவியின் சாவு அல்லது விவாகரத்து. இரண்டும் முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. குடியும் சேர்ந்துகொண்டால் பிள்ளைகளும் விலகிவிடுகிறார்கள்.

நகரின் வடபுறத்தில் ஒற்றை அறை விடுதிகள் பல இருந்தன. ஒரு கட்டில், ஒரு கழுவுதொட்டி, சிறிய ஜன்னல், கூடத்தின் கோடியில் பொதுக் கழிப்பறை. இப்படி ஓர் அறையில் வருடக்கணக்காக வாழ்ந்த ஆண்கள் அந்த வாரத்தில் நிறைய இறந்தார்கள். மெல்லிய தட்டிகளால் பிரிக்கப்பட்ட அந்த அறைகளில் பக்கத்து ஆள் இருமுவதுகூடக் கேட்கும், ஆனால் பெயர் தெரியாது. இத்தகைய விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரே காவல் வரவேற்பு மேசையில் இருக்கும் ஊழியர்தான். அவர் அக்கறையுள்ளவராக இருந்து, இன்றைக்கு இன்னாரைக் காணோமே என்று மேலே ஏறிப் பார்த்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

யாரும் கேட்டு வராத உடல்கள்

இறந்தவர்களில் சுமார் 170 பேரின் உடல்களை வாங்க முதலில் யாருமே வரவில்லை. வாரிசு இல்லாமல் இறப்பவர்களின் உடைமைகளைக் கவனிக்கக் குக் கவுண்டியில் ஒரு பொது நிர்வாகி அலுவலகம் உண்டு. அதன் ஊழியர்கள் இறந்தவரின் அறைக்குப் போவார்கள். மேசை இழுப்பறை, துணி அலமாரி, கட்டிலுக்கடியில் உள்ள பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். ஒரு முகவரி, ஒரு போன் நம்பர், அட்டையில் ஒரு கையெழுத்து கிடைக்குமா என்று பார்ப்பார்கள். பல அறைகளில் கடிதங்களும் புகைப்படங்களும் கிடைத்தன. அந்த வகையில் உறவினர்களைக் கண்டுபிடித்துப் பல உடல்களை ஒப்படைத்தார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. யாரும் இல்லாதவர்கள் என்று நினைத்த பல பேருக்கு யாராவது இருந்தார்கள். கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். தொடர்பு அறுந்துதான் போயிருந்தது, ஆசை அறவில்லை. தனிமையை அவர்கள் விரும்பித் தேர்ந்துகொண்டார்கள் என்று சொல்பவர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும்.

கடைசிவரை யாரும் வராதவர்கள் 41 பேர். வேறு காரணங்களால் இறந்து அதேபோல் கோரப்படாமல் கிடந்த 27 பேரோடு சேர்த்து, ஆகஸ்ட் 25 அன்று ஹோம்வுட் என்ற இடத்திலுள்ள கல்லறையில் ஒரே நீண்ட பள்ளத்தில் 68 பெட்டிகளாக அவர்களை அடக்கம் செய்தார்கள்.

பிறகு

1999 கோடையில் சிகாகோவில் மறுபடியும் கடும் வெயில். இந்த முறை நகராட்சி தூங்கவில்லை. குளிர்ச்சி மையங்களைத் திறந்தார்கள், அங்கே போக இலவசப் பேருந்து விட்டார்கள், தனியாக வாழும் முதியவர்களுக்குப் போன் செய்தார்கள், போலீஸ்காரர்களும் நகராட்சி ஊழியர்களும் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். சுமார் 110 பேர் இறந்தார்கள். அந்த வெயில் 1995 அளவுக்குக் கடுமையாக இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியும் வித்தியாசம் பெரியது. கதவைத் திறக்கமாட்டார்கள் என்று 1995இல் கைவிடப்பட்டவர்களைப் போன்றவர்கள்தானே 1999இலும் உள்ளே இருந்தார்கள். சரியான ஆள் சரியான நேரத்தில் தட்டினால் கதவு திறக்கும்.

2003 ஆகஸ்ட்டில் பிரான்சில் வெயிலுக்குச் சுமார் 15,000 பேர் பலியானார்கள். பெரும்பாலும் முதியவர்கள். விடுமுறை மாதம், பிள்ளைகள் ஊரில் இல்லை, பல மருத்துவர்களும் இல்லை. பாரிஸில் யாரும் கோராத 57 உடல்களை செப்டம்பர் 3 அன்று தியே கல்லறையில் அடக்கம் செய்தபோது, குடியரசுத் தலைவர் ஜாக் சிராக் நேரில் வந்து நின்றார். அடுத்த வருடம் அங்கே ஒரு சட்டம் வந்தது. தனித்து வாழும் முதியவர்களின், மாற்றுத்திறனாளிகளின் பட்டியலை ஒவ்வொரு ஊர் மேயரும் வைத்திருக்க வேண்டும்; எச்சரிக்கை நாட்களில் அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் கொடுப்பது அவரவர் விருப்பம். பெயர் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்கே கொஞ்சம் நம்பிக்கை வேண்டும், யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அதாவது ஏற்கனவே ஓரளவு தொடர்பில் இருப்பவர்கள்தான் பட்டியலுக்குள் வருவார்கள். ஒற்றை அறை விடுதியின் ஆள் வரமாட்டார். அவரைக் கொண்டுவரத் தபால்காரரும் மருந்துக் கடைக்காரரும் விடுதி ஊழியரும் வேண்டும். அவர்களுக்கு இது ஒரு வேலையாகச் சொல்லப்பட வேண்டும், அதற்கான நேரமும் கூலியும் தரப்பட வேண்டும். அக்கறையை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

2021 ஜூன் கடைசி வாரத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை வெயில் தாக்கியது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி வரை போனது. 619 பேர் வெயிலால் இறந்ததாக மாகாணத்தின் மரண விசாரணை அலுவலகம் கணக்கிட்டது. அவர்களில் 98 சதவீதம் பேர் வீட்டுக்குள் இறந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் 70 வயதைத் தாண்டியவர்கள். 56 சதவீதம் பேர் தனியாக வாழ்ந்தவர்கள். சிகாகோ முடிந்து 26 வருடம் கழிந்து, எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்த பிறகு எடுத்த கணக்கு இது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் ஆபத்தில் இருப்பவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு ஆதரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அப்படி அடையாளம் காணப் போகிறவர்கள் வயதையும் நோயையும் வீட்டில் ஏசி உண்டா என்பதையும் கேட்பதோடு, இன்னும் இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது: நீங்கள் தினமும் வெளியே போக உங்கள் தெருவில் ஒரு காரணம் இருக்கிறதா? இரண்டு நாள் உங்களைக் காணவில்லை என்றால் முதலில் தேடுவது யார்?